டின்னு கட்டின விழிப்புணர்வு

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதனால ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்கல. ஒகேனக்கல் போன கதையை எழுதறேன்னு சொல்லி வச்சிருந்தேன். அது கெடக்கட்டும், பரிசல் எங்கயும் ஓடிடப் போறதில்ல. இன்னைக்கு வேற ஒண்ணைக் கொட்டியே ஆகணும். கொஞ்சம் சூடா இருக்கும். யாரும் ஆட்டோ அனுப்பாதீங்க.

விஷயம் ஒரு டால்டா டின்னைப் பத்தினது.

2022 அக்டோபர் 10, உலக மனநல நாள். எங்க ஊர் ஆஸ்பத்திரி வாசல்ல தப்பு சத்தம். தப்பு சத்தம் கேட்டா நின்னு பாக்காம போற பழக்கம் எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே கிடையாது. கூட எங்க சித்தப்பா. அவர் கையில மஞ்சப்பை, அதுல அரைக்கிலோ கத்திரிக்காய், கத்திரிக்காய்க்கு அடியில அன்னைக்குத்தான் வாங்கின மாத்திரை. சித்தப்பா இருபது வருசத்துக்கு மேல மாத்திரை சாப்பிடுறவர். என்ன நோய், என்ன பேருங்கறதெல்லாம் இங்க வேணாம். மாத்திரை சாப்பிடுறார், கொல்லைக்குப் போறார், ரெண்டு பொண்ணுங்களைக் கட்டிக் குடுத்துட்டார், சீட்டு விளையாடினா என்னை ஏமாத்துறார். அவ்ளோதான் அவர் கதை.

'மனநல விழிப்புணர்வு கலை நிகழ்ச்சி'ன்னு பேனர். நடத்தினது யாருன்னு சொல்லப் போறதில்ல. அவங்க ஒருத்தர் மேல மட்டும் பழி போட்டா மத்தவங்க எல்லாம் தப்பிச்சுடுவாங்க. கரகம் ஒரு ரவுண்டு, ஒயிலாட்டம் ஒரு ரவுண்டு, அப்புறம் நாடகம். ஒருத்தர் நடுவுல ஓடி வந்தார். கிழிஞ்ச சட்டை, தலையில வைக்கோல், கால்ல சைக்கிள் செயின், இடுப்புல கயித்துல கட்டின டால்டா டின்னு. அவர் குதிக்கக் குதிக்க டின்னு டங்கு டங்குன்னு அடிக்குது. நாக்கைத் துருத்தி, காலேஜ் பொண்ணுங்க பக்கம் ஓடி பயமுறுத்துறார். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்குது. கடைசியில வெள்ளைக் கோட்டு போட்ட டாக்டர் வந்து 'மனநோய் குணமாகும், தயங்காமல் மருத்துவரை அணுகுங்கள்'னு சொன்னதும் எல்லாரும் கை தட்டினாங்க. மொத்தம் இருபது நிமிசம். போட்டோ எடுத்தாங்க, வண்டி ஏறிப் போயிட்டாங்க.

சித்தப்பா சிரிக்கல. பஸ் ஸ்டாண்டு வர்ற வரைக்கும் ஒண்ணும் பேசல. பஸ் ஏறினப்புறம், ஜன்னலைப் பாத்துக்கிட்டே கேட்டார்:

"ஏன்டா, நான் எப்படா டின்னு கட்டிக்கிட்டுத் திரிஞ்சேன்?"

அடுத்த மாசம் அவர் மாத்திரை வாங்கப் போகல. அதுக்கு அடுத்த மாசமும் போகல. அந்த வாசல் வழியா உள்ள போனா யாராவது பாப்பாங்க, அந்த டின்னு ஞாபகம் வரும்னு பயம். அதை எங்ககிட்ட சொல்லவும் இல்ல, 'வாங்கிட்டேன்'னு பொய் சொல்லிட்டார். நாலாவது மாசம் ராத்திரி ரெண்டு மணிக்குக் கெணத்து மேட்டுல தனியா நின்னுட்டிருந்தவரை சின்னம்மா கையைப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தாங்க. திரும்பப் பழைய நிலைமைக்கு வர ஆறு மாசம் ஆச்சு.

ஆக, 'மருத்துவரை அணுகுங்கள்'னு சொன்ன நாடகம், இருபது வருசமா ஒழுங்கா அணுகிட்டிருந்த ஒருத்தரை வரிசையிலேர்ந்து வெளிய தள்ளிடுச்சு. தேசிய மனநலக் கணக்கெடுப்பு 2015-16ல நிம்ஹான்ஸ் எடுத்தது. நோய்க்குத் தகுந்த மாதிரி 70லேர்ந்து 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே போய்ச் சேரலன்னு அதுல சொல்றாங்க. அந்த மீதிக் கொஞ்சப் பேரையும் விரட்டறதுக்கு ஒரு கலைக்குழு, அதுக்கு ஒரு பில்லு!

இன்னொண்ணும் சொல்லணும். 2001 ஆகஸ்ட் 6, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. மனநோயாளிகளைச் சங்கிலியில கட்டி வச்சிருந்த கொட்டகையில தீப்பிடிச்சு, ஓட முடியாம 28 பேர் செத்தாங்க. அது நடந்த மாநிலத்துல, கால்ல செயினைக் கட்டிக்கிட்டு ஒருத்தர் காமெடி பண்றார், நாம சிரிக்கறோம். அந்த நடிகர் மேல எனக்குக் கோபமே இல்ல. செயினைக் கட்டச் சொல்லி எழுதிக் குடுத்த ஆள் மேலதான்.

ஏன்னா அன்னைக்குத் தப்பு அடிச்ச பெரியவரை எனக்கு முன்னாடியே தெரியும். கூத்து வாத்தியார். துரியோதனன் வேஷத்துல அவரைப் பாத்துப் பயந்து நான் அம்மா முந்தானைக்குள்ள ஒளிஞ்சிருக்கேன். பின்னாடி ஒரு நாள் டீக்கடையில கேட்டேன். அவர் சொன்னது:

"தம்பி, எழுதிக் குடுத்ததைத்தான் பேசணும். ஒரு வார்த்தை கூடப் போட்டா அடுத்த புரோகிராம் நமக்கு வராது. ஒரு நாளைக்கு நாலு ஊரு. போட்டோவுல பேனர் விழணும், எடம் பேரு விழணும், ஜனம் விழணும். அது விழுந்துட்டா பாதியிலயே நிறுத்தினாலும் யாரும் கேக்க மாட்டாங்க."

விடிய விடிய பாரதம் ஆடின மனுசன். கட்டியங்காரன் வேஷத்துல வந்தா ராஜாவையே நக்கல் அடிக்கற உரிமை அவருக்கு உண்டு, முன்வரிசையில உக்காந்திருக்கற பிரசிடெண்டையும் சேத்து வாருவார். அவரைக் கூட்டிட்டு வந்து வாயைக் கட்டி, நோட்டீஸை மனப்பாடம் பண்ணிச் சொல்லுன்னா அதுக்குப் பேரு நாடகமா? கை கால் முளைச்ச சுவரொட்டி!

இந்த வியாதி புதுசு இல்ல. எய்ட்ஸுக்கும் இதையேதான் பண்ணோம். எமன், பாசக்கயிறு, மண்டை ஓடு. பாத்தவங்க பயந்தாங்க, ஆனா கிருமியைப் பாத்து இல்ல, கிருமி இருந்த மனுசனைப் பாத்து. (2000களோட ஆரம்பத்துல 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' விளம்பரம் வந்தப்ப எங்க காலேஜ்ல ராஜான்னு பேர் இருந்த அத்தனை பேரும் பட்ட பாடு தனிக்கதை. அது வேற பதிவு.)

'சும்மா குறை சொல்லாத, வேற எப்படித்தான் பண்றது?'ன்னு கேப்பீங்க. இதுக்குக் கொஞ்சம் கொசுவர்த்தி சுத்தணும்.

1998ல நான் பிளஸ் ஒன். அப்ப கிருஷ்ணகிரியும் எங்க தர்மபுரி மாவட்டத்துலதான் இருந்துச்சு, 2004லதான் பிரிச்சாங்க. பொட்டப்புள்ள பொறந்தா கள்ளிப்பால்னு எங்க மாவட்டத்துக்கு ஊர் உலகத்துல பேரு. ஆரம்ப சுகாதார நிலைய நோட்டுல அந்தச் சாவுக்கு 'சமூகக் காரணம்'னு எழுதுவாங்க. கொலைன்னு எழுத மாட்டாங்க. அந்தச் சமயத்துல சுகாதாரத் துறையும் டென்மார்க்கோட டானிடா திட்டமும் சேர்ந்து 'கலைப்பயணம்'னு ஒண்ணு நடத்தினாங்க. தெரு நாடகந்தான். வித்தியாசம் என்னன்னா, அதுல நடிச்சவங்க மெட்ராஸ்லேர்ந்து வேன்ல வந்து இறங்கினவங்க இல்ல. இதே மாவட்டத்துப் பசங்க, பொண்ணுங்க. பயிற்சி குடுத்து ஆட விட்டாங்க.

எங்க ஊர்ல ஆடினப்ப நான் முன்னாடி மண்ணுல உக்காந்திருந்தேன். அந்தக் குழுவுல பக்கத்து ஊர் பொண்ணு ஒருத்தி, யார் வீட்டுப் பொண்ணுன்னு எல்லாருக்கும் தெரியும். நாடகம் முடிஞ்சதும் ஒரு கெழவி எந்திரிச்சு நின்னு கத்த ஆரம்பிச்சுது. "ஏன்டி, நாலு பொட்டைய நீ வந்து கட்டிக் குடுப்பியாடி? நகை யாரு போடுறது?" அந்தப் பொண்ணு ஓடல. டயலாக்கும் பேசல. "எங்கம்மாவுக்கு நான் மூணாவது பொண்ணு பாட்டி. என்னையும் அப்படித்தான் பண்ணப் பாத்தாங்க"ன்னு சொல்லுச்சு. அப்புறம் ஆரம்பிச்சது பாருங்க சண்டை. நாடகம் ஓடினதை விட ரெண்டு மடங்கு நேரம் ஓடுச்சு. நடுவுல ஒரு அம்மா ஓரமா உக்காந்து அழுதுட்டே இருந்தாங்க, அவங்களைச் சுத்தி நாலு பேர். அந்த அழுகைக்கு அதுவரைக்கும் எங்க ஊர்ல இடமே இருந்ததில்ல. செத்த புள்ளைக்காக ஒரு தாய் நாலு பேர் முன்னாடி அழ முடிஞ்சது அன்னைக்குத்தான்.

இதைப் பத்தி வெங்கடேஷ் ஆத்ரேயாவும் ஷீலா ராணி சுங்கத்தும் 2000ல எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியில எழுதியிருக்காங்க, சாவு குறைஞ்சதைக் கணக்கோட. நாடகம் மட்டுமே எல்லாத்தையும் மாத்துச்சுன்னு ஜல்லியடிக்க வரல. நர்சுங்க வீடு வீடா நடந்தாங்க. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992லயே சேலத்துல வந்தாச்சு. ஸ்கேன் மெஷின் வந்து பாவத்தை வேற இடத்துக்கு மாத்தின கதையும் உண்டு. ஆனா ஊர் வாயைத் தொறந்தது நாடகம். அதுவும் ஊரே திருப்பிப் பேச முடிஞ்ச நாடகம்.

என் கட்சி இதுதான். நாடகத்துல இருக்கற மருந்து பாக்கறவனுக்கு ஊத்தறதுல இல்ல. ஆடுறவனுக்கும் குறுக்க எந்திரிச்சுப் பேசுறவனுக்கும் உள்ள அது தானா ஊறும். அந்த ரெண்டு பேரையும் வாய் மூட வச்சுட்டா மிச்சம் டால்டா டின்னுதான்.

இதை நான் புதுசா கண்டுபுடிக்கல. பிரேசில்காரர் அகஸ்டோ போவால். 1973ல பெரு நாட்டுல ஒரு எழுத்தறிவு இயக்கத்துக்காக நாடகம் போட்டுட்டிருந்தார். ஒரு பொம்பளையோட நிஜக் கதை. அவங்களுக்குப் படிக்கத் தெரியாது. புருசன் ஏதோ காகிதமா குடுத்து 'வீட்டுக் கணக்கு, பத்திரமா வை'ன்னு சொல்லியிருக்கான். பக்கத்து வீட்டுல குடுத்துப் படிச்சுப் பாத்தா, அத்தனையும் இன்னொருத்தி எழுதின காதல் கடுதாசி. ஊருக்குப் போன புருசன் திரும்பி வர்றான், இப்ப இவ என்ன பண்ணணும்? கூட்டம் சொல்லச் சொல்ல நடிகர்கள் நடிச்சுக் காட்டணும், அதுதான் ஏற்பாடு. ஒரு தாட்டியான அம்மா, 'அவன்கிட்ட தெளிவா பேசிட்டு அப்புறம் மன்னிக்கணும்'னுது. நடிகை பேசிக் காட்டினா 'இது இல்ல, இன்னும் தெளிவா'ங்குது. திரும்பப் பேசினாலும் இல்லங்குது. போவால் வெறுத்துப் போய் 'நீயே வந்து பண்ணும்மா'ன்னார். அந்தம்மா மேடையேறி, தொடப்பக்கட்டையை எடுத்து அந்த நடிகனை வெளு வெளுன்னு வெளுத்துட்டு, 'இப்ப மன்னிச்சாச்சு, போய்ச் சோறு எடுத்துட்டு வா'ன்னுச்சாம். போவாலோட மன்ற அரங்கு பொறந்தது அங்கதான்.

எனக்கு இதைப் படிச்சப்ப சிரிப்பை விட எங்க ஊர் படுகளம்தான் ஞாபகம் வந்துச்சு. பாரதத்துப் பதினெட்டாம் நாள், மண்ணுல பண்ணிப் படுக்க வச்ச துரியோதனன், பாஞ்சாலி கூந்தல் முடியற கட்டம். அங்க பொம்பளைங்க அழறது பாஞ்சாலிக்காகவா? சில ஊர்ல தொடப்பக்கட்டை அடியும் உண்டு. அவரவர் வீட்டுத் துச்சாதனனுக்கு அவரவர் அழுதுட்டு, மறுநாள் காலையில மாட்டுக்குத் தண்ணி காட்டப் போவாங்க. இதை நான் 'சிகிச்சை'ன்னு சொல்லல. ஆனா நம்ம ஜனத்துக்கு இது தெரியாத வித்தை இல்ல.

யாழ்ப்பாணத்துல ஷெல்லடிக்கு நடுவுல இருந்தவங்களுக்கும் தெரிஞ்சிருந்துச்சு. 1991ல குழந்தை ம. சண்முகலிங்கம் 'அன்னை இட்ட தீ' எழுதினார், போர் மனசுக்குள்ள போட்ட காயத்தைப் பத்தி. அவர் 2025 ஜனவரியில காலமானப்ப நம்ம பக்கத்துல எத்தனை பத்திரிகை நாலு வரி போட்டுச்சு?

சரி, எதிர்க்கட்சி வாதத்துக்கு வருவோம்.

'அப்ப மாத்திரைக்குப் பதில் நாடகமா?' சாமி, அப்படி எவனாவது சொன்னா அவனை நம்பாதீங்க. என் சித்தப்பாவுக்கு மாத்திரை வேணும். நாடகம் அந்த ஆஸ்பத்திரி வாசலைத் தாண்ட உதவணும், அவ்ளோதான்.

'ஆதாரம்?' வெளிநாட்டுக்காரன் சொன்னாத்தானே நமக்கு ஆதாரம், இந்தாங்க: 2019ல உலக சுகாதார நிறுவனமே கலைக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பைப் பத்தி ஒரு அறிக்கை போட்டுச்சு, மூவாயிரத்துக்கு மேல ஆய்வுகளைத் திரட்டி. நல்ல பலன் உண்டுன்னுதான் முடிவு.

'ஆபத்து இல்லையா?' இருக்கு. இதை மட்டும் நான் முழுசா ஒத்துக்கறேன். தற்கொலைக்கு முயற்சி பண்ணி மீண்டவரைப் புடிச்சு 'உன் கதையை நடி'ன்னு மேடையில ஏத்தறது கொடூரம். ஆறாத புண்ணைக் கூட்டத்துக்கு முன்னாடி பிரிக்கக் கூடாது. நடிக்கறவங்க யாராவது உடைஞ்சு போனா பக்கத்துல உக்கார ஒரு ஆள் வேணும். அடுத்த நாள் எங்க அனுப்பணும்னு தெரிஞ்சிருக்கணும். அதனாலதான் சொல்றேன், இது இருபது நிமிசத்துல முடியற வேலை இல்லைன்னு. நாலு ஊருக்கு ஒரு நாள் ஆடுற காசுல ஒரே ஊருக்கு நாலு ஞாயித்துக்கிழமை குடுங்க. என்ன ஆடணும்னு அந்த நோயோட வாழுறவங்களும் சேர்ந்து முடிவு பண்ணட்டும். கூத்துக்காரருக்கு முழுச் சம்பளம் குடுங்க, வாயைக் கட்டாதீங்க. அப்புறம் தயவு செஞ்சு அந்தச் செயினைக் கழட்டுங்க.

வாய்ச்சவடால் மட்டும் விட்டா சரியில்லன்னு 2023ல நாங்க ஒண்ணு பண்ணிப் பாத்தோம். பேரெல்லாம் வைக்கல. ரேஷன் கடைக்குப் பின்னாடி திண்ணை, ஞாயித்துக்கிழமை சாயந்திரம். நான், ரிட்டையர் ஆன தமிழய்யா, அந்தக் கூத்து வாத்தியார், தானா விருப்பப்பட்டு வந்த கிராம சுகாதார செவிலியர், அப்புறம் அப்ப நூறு நாள் வேலைக்குப் போயிட்டிருந்த ஏழெட்டு அம்மாக்கள். முதல் மூணு வாரம் நாடகமே இல்ல. பூப்பறிக்க வருகிறோம் விளையாடினோம். சிரிச்சே வயிறு வலி. ஒரு அக்கா, "கல்யாணமாகி பதினாறு வருசத்துல இன்னைக்குத்தான் இவ்ளோ நேரம் ஒரு வேலையும் செய்யாம இருக்கேன்"ன்னாங்க.

நாலாவது வாரம் அவங்களாவே ஒரு காட்சி போட்டாங்க. புள்ள பெத்து இருபது நாள் ஆன மருமக. தூங்கறதில்ல, புள்ளையைத் திரும்பிப் பாக்கறதில்ல, சுவத்தைப் பாத்துட்டே இருக்கா. மாமியா 'காத்துக் கருப்பு அடிச்சிருக்கு, கோடாங்கிகிட்ட கூட்டிட்டுப் போலாம்'ங்கறா. வாத்தியார் கட்டியங்காரன் மாதிரி குதிச்சு நடுவுல வந்து, "நிறுத்துங்கம்மா கதைய! இது சரியில்லன்னு நெனைக்கறவங்க யாராச்சும் வந்து மாத்துங்க"ன்னார். ஒருத்தி மருமகளா வந்து சண்டை போட்டா, ஒண்ணும் மாறல. ஒருத்தி புருசனா வந்தா, ரெண்டு பக்கமும் திட்டு வாங்கிட்டுப் போனா. அப்புறம் எந்திரிச்சது நெசமாவே ஊர்ல பேர் வாங்கின ஒரு மாமியா. வாயைத் தொறந்தா தெருவே காலி. (போவால் கணக்குப்படி அடக்குறவங்க பாத்திரத்தை மாத்தக் கூடாதாம். அந்தம்மாவுக்குப் போவாலைத் தெரியாது.) நேரா வந்து மாமியா இடத்துல உக்காந்தாங்க. துண்டைச் சுருட்டி வச்சிருந்த புள்ளையை மடியில வாங்கினாங்க. "நீ போய் ரெண்டு மணி நேரம் தூங்கு. அழுதா நான் பாத்துக்கறேன். விடிஞ்சதும் நர்சம்மாகிட்ட போலாம்."

யாரும் பேசல. அந்தம்மா துண்டைக் கீழ வைக்காமலே சொன்னாங்க, "எங்க மாமியா என்னைக் கோடாங்கிகிட்ட கூட்டிட்டுப் போயி வேப்பங்குச்சியில அடிச்சாங்க. முப்பத்தி ரெண்டு வருசம் ஆச்சு."

புதன்கிழமை ஒரு பொண்ணு கைக்குழந்தையோட செவிலியரைத் தேடி வந்து, மனசு டாக்டர் என்னைக்கு வருவார்னு கேட்டிருக்கு. திண்ணைக்கு வந்த பொண்ணு இல்ல அது. யாரோ போய்ச் சொல்லியிருக்காங்க. யாருன்னு நாங்க விசாரிக்கல.

சித்தப்பாவைக் கூப்புட்டுக்கிட்டே இருந்தேன். 'போடா, எனக்கு வேற வேலை இல்ல?'ன்னு துரத்துவார். திண்ணைக்கு எதிர்த்தாப்புல புளியமரத்தடியில உக்காந்து பாக்கறது மட்டும் நடக்கும். ஒரு நாள் கிட்ட வந்து, "எனக்கு அந்தப் பைத்தியக்கார வேஷம் எல்லாம் வேணாம். டாக்டர் வேஷம் குடுக்கறதா இருந்தா வரேன்"ன்னார். குடுத்தோம். தமிழய்யாவோட வெள்ளைச் சட்டைதான் கோட்டு. ஒருத்தர் நோயாளியா எதிர்ல வந்து உக்காந்தார். சித்தப்பா எந்த வசனமும் பேசல. நாற்காலியைக் கொஞ்சம் முன்னாடி இழுத்துப் போட்டுக்கிட்டு, அவர் மூஞ்சியையே பாத்துட்டு, "சாப்டியாப்பா? ராத்திரி தூக்கம் வருதா?"ன்னு கேட்டார். அப்புறம் கூட வந்தவங்களைப் பாத்து, "நீங்க கொஞ்சம் வெளிய இருங்க. நான் அவர்கிட்டதான் கேட்டேன்"ன்னார். இருபது வருசமா மேசைக்கு அந்தப் பக்கம் உக்காந்து கவனிச்சதை எல்லாம் எடுத்து வச்ச மாதிரி இருந்துச்சு.

போன வாரம் அதே ஆஸ்பத்திரி வாசல்ல திரும்பவும் கூட்டம். வேற பேனர், வேற நடிகர். டின்னு மட்டும் அதே சத்தம். அதான் இந்தப் பதிவு.

சித்தப்பாவும் என்கூட இருந்தார். ஒரு நிமிசம் நின்னு பாத்தார். "வாடா, மாத்திரை கவுண்டர் மூடிடுவான்"னு கூட்டத்தை விலக்கிக்கிட்டு நேரா உள்ள போயிட்டார். திரும்பி வர்றப்ப பஸ்ல, அய்யாவோட சட்டையில காப்பிக் கறை இருக்குதாம், ஞாயித்துக்கிழமைக்குள்ள தொவைச்சு வைக்கச் சொன்னார்.